உள்பக்கம் இல்லாத துணி

முதலில் அது அரிப்பாகத்தான் வந்தது. சித்திரை மாதம். குழித்தறியில் (தரையில் பள்ளம் வெட்டி, அதற்குள் காலைவிட்டு உட்கார்ந்து நெய்யும் தறி) மிதிகட்டையை மிதித்துக்கொண்டிருந்தேன். இடது முழங்காலுக்குக் கீழே கொசு கடித்த மாதிரி இருந்தது. சொறிந்துவிட்டு மேலே நெய்தேன். சாயங்காலம் அந்த இடத்தில் ஒரு கொப்புளம். மறுநாள் தணலை வைத்துக் கட்டியது போல எரிந்தது. மூன்றாம் நாள் கொப்புளம் உடைந்து, நடுவிலிருந்து வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. தறி நூல் தடிமன்தான் இருக்கும்.

என் மனைவி நாகம்மா குனிந்து பார்த்தாள். அவள் ராட்டையில் நூல் சுற்றுகிறவள். நகரிப் பக்கத்துப் பெண், எனக்கு அத்தை மகள். கல்யாணத்துக்குப் பிறகும் என்னைப் பாவா (அத்தான்) என்றுதான் கூப்பிடுவாள்.

"பாவா, கால்ல நூல் ஒட்டிக்கினு இருக்குது பாரு" என்று பிடுங்கப் போனாள். அது உள்ளே இழுத்துக்கொண்டது. அவள் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

இதற்கு எங்கள் பக்கத்தில் நரம்புச் சிலந்தி என்று பெயர். அது நரம்பும் இல்லை, சிலந்தியும் இல்லை. ஒரு புழு. குடிக்கிற தண்ணீரில் இருக்கும் மிகச் சின்ன நீர்ப்பூச்சி வழியாக வயிற்றுக்குள் போய், தோலுக்கு அடியில் முழநீளத்துக்கு மேல் வளர்ந்து, ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்துக் காலில் துளைத்துக்கொண்டு வெளியே வரும். இந்த விவரம் எனக்கு அப்போது தெரியாது. எங்கள் தெருவில் வருடாவருடம் பத்துப் பேருக்காவது வரும். "கோடை வந்துச்சினா மாம்பழம் வர்ற மாதிரி இதுவும் வருது" என்று பக்கத்து வீட்டுச் சாயக்காரர் சொல்வார். சொல்லிவிட்டுத் தன் காலையே தடவிக்கொள்வார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கடையில் பொட்டலம் கட்டித் தந்த காகிதங்களைப் பிரித்துப் பிரித்துப் படித்து எழுத்தைப் பிடித்துக்கொண்டேன். ஆகவே நான் எழுதும் இதில் பெரிய மருத்துவம் எதுவும் கிடைக்காது. நோயில் படுத்தவர்கள் எழுதியதை நிறையப் படித்திருக்கிறேன். வீட்டு ஆளுக்குத் தன் கையாலேயே நோயைக் கொடுத்துவிட்டோமோ என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பவர்கள் எழுதியதை எங்கும் பார்த்ததில்லை. அப்படி யாராவது இருந்தால் அவர்களுக்காகத்தான் இது.

எங்கள் ஊர் பொதட்டூர்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊருக்கு அன்று ஒரே குடிதண்ணீர்க் கிணறு. படிக்கிணறு. கோடையில் தண்ணீர் இறங்க இறங்க, நாமும் படியிறங்கிப் போய், முழங்கால் வரை நின்று குடத்தை முக்க வேண்டும்.

கால் எரிச்சல் தாங்காதபோது எனக்கு ஒரே மருந்து அந்தக் கிணறுதான். கடைசிப் படியில் உட்கார்ந்து இடது காலைத் தண்ணீரில் விட்டால் எரிச்சல் சட்டென்று அடங்கும். அந்தச் சுகத்தைச் சொல்லி விளங்க வைக்க முடியாது. பக்கத்தில் பெண்கள் குடம் முக்குவார்கள். "இன்னா மாணிக்கம், தறியக் கெணத்துல போட்டுட்டியா" என்று கிண்டல் செய்வார்கள். நானும் சிரிப்பேன். அந்தப் புழு காலைத் துளைப்பதே தண்ணீருக்காகத்தான். தண்ணீர் பட்டதும் ஆயிரக்கணக்கில் குஞ்சுகளை அதில் விடுகிறது. நான் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு, ஊரே குடிக்கும் கிணற்றில் அதைச் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு காலை வேளையில் கிணற்றின் மேல்படியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து நின்றாள். கதர்ப் புடவை, ஆண்கள் போடும் செருப்பு. அவளுக்குப் பின்னால் நெட்டையாக அவள் கணவர், கையில் அளவு நாடாவோடு. என்னைப் பார்த்து அவள் சொன்ன முதல் வாக்கியம் இது:

"ஐயா, தயைகூர்ந்து தங்கள் காலை நீரிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்."

குடம் முக்கிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். காலை எடுத்துவிட்டேன்.

அவர்கள் கடல் தாண்டி வந்த வேதக்காரத் தம்பதிகள். திருத்தணியில் மலையடிவாரத்தில் வாடகை வீடு. அவள் பெயர் எல்சா, நர்ஸ் படிப்புப் படித்தவள். அவருக்கு வாயில் நுழையாத பெயர், நாங்கள் கிணற்று ஐயா என்று கூப்பிட்டோம். சுற்றுவட்டாரத்துப் படிக்கிணறுகளின் படிகளை மூடி, சுற்றிலும் சுவர் எழுப்பி, ராட்டினம் போட்டு, யாருடைய காலும் தண்ணீரில் படாமல் செய்வதுதான் அவர்கள் வேலை. வேதத்தில் சேரச் சொல்வார்கள் என்று ஊரில் பயந்தார்கள். எல்சாம்மா ஒருவரையும் கேட்கவில்லை. அவள் கேட்டதெல்லாம் வேறொரு கேள்வி. காலில் கட்டோடு யார் வந்தாலும், "தாங்கள் சென்ற சித்திரையில் எங்கு நீர் அருந்தினீர்கள்?" என்பாள்.

"இப்ப வலிக்குதுன்னு வந்தா போன வருசத்தக் கேக்கறாங்களே" என்று நாகம்மா அதிசயப்பட்டாள். பிறகு அந்தக் கேள்வியை அவளே திருத்திக் கொடுத்தாள். "அப்டி கேட்டா யாருக்கும்மா புரியும்? 'போன சித்திரைல எங்க குடிச்ச தண்ணி'ன்னு கேளுங்க." எல்சாம்மா அதை மனப்பாடம் செய்தாள். அதற்குப் பிறகு அவள் புத்தகத் தமிழும் எங்கள் தமிழும் கலந்த ஒன்றைப் பேச ஆரம்பித்தாள். "நான் வந்துகினு இருக்கின்றேன்" என்பாள். நாகம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

என் புழுவை எல்சாம்மாதான் எடுத்தாள். அதன் முனையை ஒரு ஈர்க்குச்சியில் சுற்றி, தினம் ஒரு விரற்கடை அளவு மட்டும் இழுத்து, குச்சியைக் காலோடு சேர்த்துக் கட்டிவிடுவாள். அவசரப்பட்டால் அறுந்துவிடும். அறுந்தால் உள்ளே இருப்பது அழுகி விஷமாகிவிடும். நாகம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பாள்.

"தார்க்குச்சில நூல் சுத்தற மாதிரியே இருக்குதும்மா. நூல் அறுந்தா முடி போட்டுக்குவோம். இது அறுந்தா?"

"இதுக்கு முடி கிடையாது நாகம்மா."

ஒரு மாதத்தில் புழு முழுதாக வந்துவிட்டது. ஆனால் அதற்குள் முழங்கால் மூட்டுக்குள் சீழ் வைத்துவிட்டது. அதைக் கீறிவிட்ட திருத்தணி டாக்டர், "உயிருக்கு ஒண்ணும் இல்ல. கால் மட்டும் இனிமே மடங்காது" என்றார். வீட்டுக்கு வந்து குழித்தறியில் உட்கார்ந்து பார்த்தேன். இடது கால் கட்டை போல முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. ஒற்றைக் காலால் இரண்டு மிதியையும் மாற்றி மாற்றி மிதித்துப் பழகினேன். அதுவே பெரிய துன்பம் என்று அன்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிணற்றுக்குச் சுவர் எழுப்ப இரண்டு மாதம் ஆகும் என்றார் கிணற்று ஐயா. வைகாசியும் ஆனியும் தாண்ட வேண்டும். தண்ணீர் அடிமட்டத்தில் இருக்கும் மாதங்கள் அவைதான். அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீரைத் துணியில் வடித்துக் குடிக்க வேண்டும், அந்தத் துணியை நெருக்கமாக நெய்ய வேண்டும், நீங்கள் நெய்து தருவீர்களா என்று எல்சாம்மா என்னைக் கேட்டாள். அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முடமாகிவிட்டவன் ஊருக்கே துணி நெய்யப் போகிறேன்.

அவள் சொன்ன முறை எளிது. துணியைக் குடத்தின் வாயில் கட்டித் தண்ணீரை ஊற்ற வேண்டும். நீர்ப்பூச்சிகள் துணியின் மேலே தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் துணியை அலசி, பூச்சி சாகும்படி வெயிலில் காயப் போட வேண்டும். மறுபடி கட்டும்போது அதே பக்கம்தான் மேலே இருக்க வேண்டும். மாறிவிட்டால் காலையில் சாகாமல் தங்கிய பூச்சி சாயங்காலம் குடத்துக்குள் போய்விடும். ஆகவே ஓர் அடையாளம் வேண்டும்.

"மேல் பக்கத்தில் சிவப்பு நூல் போடுங்கள்" என்றாள்.

இந்த வாக்கியத்தை நான் எத்தனை ஆயிரம் முறை எனக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. துணியின் மேல்முகத்தில் மட்டும் தெரிகிற மாதிரி ஊசியால் ஒரு சிவப்புத் தையல் போடச் சொன்னாள் அவள். நெசவுக்காரன் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. எங்களுக்கு மேல் பக்கம் என்றால் துணியின் மேல் ஓரம். நூல் போடுவது என்றால் தறியில் போடுவது. நான் ஒவ்வொரு துணியின் மேல் ஓரத்திலும் சிவப்பு ஊடையில் (குறுக்கு நூலில்) ஒரு கோடு நெய்தேன். நெய்த கோடு இரண்டு முகத்திலும் தெரியும்.

தெரியும் என்று எனக்கும் தோன்றியது. அதைத்தான் சொல்ல வந்தேன். முதல் துணியைத் தறியிலிருந்து அறுத்துத் திருப்பிப் பார்த்தபோது, 'இந்தப் பக்கமும் தெரிகிறதே, எப்படிக் கண்டுபிடிப்பார்கள்' என்று ஒரு நொடி நினைத்தேன். அடுத்த நொடி பெருமை வந்து அதை மூடிவிட்டது. பொதட்டூர்பேட்டை லுங்கிக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் கிடையாது. "திருப்பிக் கட்டினாலும் இதே லுங்கிதான்" என்று சந்தையில் சொல்லித்தான் விற்போம். இரண்டு முகமும் ஒன்றாக நெய்கிறவனுக்கு ஒரு முகத்தைக் குறைத்துக் காட்டச் சொன்னால் எப்படி? வெள்ளைக்காரிக்குத் துணியைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். போய்க் கேட்கவில்லை.

வீட்டுக்கு ஒன்றாகத் துணி போனது. கிணற்று ஐயா தினமும் மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். சுவர் வேலை செய்யும் ஆட்கள் முன்னால் வேண்டுமென்றே நாகம்மாவிடம் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கி, "பாருங்கள், துணியில் வடித்தது, நான் குடிக்கிறேன்" என்று அண்ணாந்து குடிப்பார். நாகம்மாவுக்கு அதில் பெருமை. துணியைக் காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் கட்டி வடிப்பாள். வேலை மும்முரத்தில் காயப் போடாமல் ஈரத்தோடு மடித்துக் குடத்தின் மேலேயே வைத்துவிடுவாள். மறுபடி கட்டும்போது எந்தப் பக்கம் மேலே வந்ததோ, யார் பார்த்தார்கள்?

ஆடியில் சுவர் முடிந்தது. ராட்டினம் போட்டார்கள். நாகம்மா எனக்காக ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். திருத்தணி மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி, வருடத்து நாளுக்கு ஒரு படி. என் உயிர் பிழைத்ததற்காக அத்தனை படிக்கும் மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டும் என்று. கிருத்திகைக் கூட்டம் கலைந்த பிறகு ஒரு நாள் போனோம். அவள் ஒவ்வொரு படிக்கும் குனிந்து வைத்துக்கொண்டே ஏறினாள். நான் மடங்காத காலை ஒரு பக்கமாக வீசி வீசிப் பின்னாலே போனேன்.

"நீ ஏர்றதப் பாத்தா காவடி ஆடற மாதிரியே இருக்குது பாவா" என்று திரும்பித் திரும்பிச் சிரித்தாள்.

அப்போது அது அவள் உடம்புக்குள் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அடுத்த வைகாசியில் அவளுக்குக் கணுக்காலுக்கு மேலே கொப்புளம் வந்தது. அதே வாரம் கிணற்று ஐயாவுக்குப் பாதத்தில் வந்தது. அந்த ஆண்டு எங்கள் ஊரில் நோய் முன்னைவிடக் குறைவுதான். துணியைக் காயப் போட்ட வீடுகள் தப்பின. ஆனால் சுத்தமான தண்ணீர் வந்து பத்து மாதமான பிறகும் ஏன் வருகிறது என்று ஊரில் கேட்டார்கள். எல்சாம்மா முகம் வெளுத்துப் போய், தன் கணவரிடமே தன் கேள்வியைக் கேட்டாளாம், போன வைகாசியில் எங்கே தண்ணீர் குடித்தீர்கள் என்று. அவர் எங்கள் வீட்டைச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் வந்தாள். நாகம்மா காலில் குச்சிக் கட்டோடு பழக்கதோஷத்தில் குடத்துக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தாள்.

"நாகம்மா, காலையில் எந்தப் பக்கம் மேலே இருந்தது?"

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா. இவுரு துணிக்கு உள்பக்கமே கெடையாதே. கேட்டுப் பாருங்க, சந்தைல கூவுவாரு."

எல்சாம்மா துணியை அவிழ்த்து எடுத்தாள். சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். திருப்பினாள். அங்கேயும் சிவப்புக் கோடு. மறுபடி திருப்பினாள்.

"நான் தையல் என்று சொல்லியிருக்க வேண்டும்" என்றாள்.

"நான் வந்து கேட்டிருக்கணும்மா" என்றேன்.

நாகம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஆங், சரி வுடுங்க. நூல் சுத்தறவளுக்கு இது ஒரு வேலையா? நானே சுத்தி எடுத்துர்றேன்" என்றாள். எங்கள் இருவரையும் தேற்றுவதற்காகவே சொன்னாள்.

அவள் கை பழகின கை. இருபது நாள் தினமும் அவளே ஒரு விரற்கடை சுற்றினாள். பாதிக்கு மேல் வந்துவிட்டது. ஒரு நாள் ராட்டையிலிருந்து எழும்போது கட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குச்சி ராட்டைக் காலில் மாட்டியது. புழு அறுந்துவிட்டது.

எங்களிடம் சொல்லவில்லை. கிணற்று ஐயாவும் படுத்திருக்கிறார், எல்சாம்மாவுக்கு வேறு கவலை வேண்டாம் என்று நினைத்திருக்கிறாள். என் முகத்தையும் பார்த்திருப்பாள். புண்ணில் வறட்டிச் சாம்பலை வைத்து அவளே கட்டிக்கொண்டாள். ஐந்தாறு நாள் கழித்து, சாப்பிடும்போது, "பாவா, வாயத் தொறக்க முடியல, தாடை புடிச்சிக்கினு இருக்குது" என்றாள். அப்போதுதான் கட்டை அவிழ்த்துப் பார்த்தேன்.

ரண ஜன்னி (புண் வழியாக ஏறும் விஷத்தில் தாடை பூட்டிக்கொண்டு, உடம்பு முழுவதும் விறைத்து வில்லாக வளையும் நோய்). எல்சாம்மா ஜீப்பில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோனாள். பாதம் வீங்கிய கிணற்று ஐயாதான் ஓட்டினார். பெரியாஸ்பத்திரியில் பட்டப்பகலிலும் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்ட ஓர் அறை. வெளிச்சமோ சத்தமோ பட்டால் உடம்பு வெட்டி இழுக்கும்.

"ஊசி போட்டிருக்கோம். முன்னாடியே வந்திருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்தார். என்னைப் பார்த்துவிட்டு, ஜன்னல் துணியைச் சரியாக இழுத்துவிட்டார்.

அந்த அறையில் பேசக் கூடாது. பேசியே பழகின நான் ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு நினைவு தப்பவில்லை. தண்ணீர் கேட்பது கண்ணில் தெரியும். விழுங்க முடியாது. ஒரு துணியை நனைத்து உதட்டில் வைப்பேன். ஒவ்வொரு முறையும் வைப்பதற்கு முன் அதைத் திருப்பிப் பார்ப்பேன். பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பல் கிட்டித்த வாயோடு மெல்லச் சொன்னாள்: "எந்தப் பக்கம்னா இன்னா பாவா. வெய்யி."

அவள் பேசியதில் எனக்குக் கேட்டது அதுதான் கடைசி. ஒன்பதாம் நாள் மதியம் இறந்துபோனாள். உடம்பு கடைசியில் தளர்ந்தது. அத்தனை நாளுக்குப் பிறகு அவள் சாதாரணமாகப் படுத்திருந்தாள்.

எல்சாம்மா அழுததை நான் பார்க்கவில்லை. காரியம் முடிந்து பதினைந்து நாள் கழித்து ஒரு ஊசியும் சிவப்பு நூல்கண்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். வேறு ஊர்களில் படி மூடாத கிணறுகள் இன்னும் இருந்தன. அங்கெல்லாம் போன துணியும் நான் நெய்ததுதான். அவற்றைத் திரும்ப வாங்கி வந்து குவித்திருந்தாள். நான் காலை நீட்டிக்கொண்டும் அவள் சம்மணம் போட்டுக்கொண்டும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு முகத்தில் மட்டும் தெரிகிற தையல் போட்டோம். அடிநூல் மறுபக்கம் வராமல் தைப்பது கஷ்டம். ஒரு தரம், தலை நிமிராமல், "நீங்கள் என்னை மன்னித்தீர்களா?" என்று கேட்டாள். அதே கேள்வியை அவளிடம் கேட்க நானும் நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். தைத்தோம்.

மூன்று ஆண்டு கழித்து அவர்களை வேறு தேசத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கிணற்று ஐயா கடைசி வரைக்கும் பாதத்தை ஊன்றாமல்தான் நடந்தார்.

அது எழுபதுகளின் தொடக்கம். இப்போது எங்கள் பக்கத்தில் நரம்புச் சிலந்தி இல்லை. இளவட்டங்களிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்கிறார்கள். எனக்குத் தறி போய்விட்டது, பேட்டையில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் துணி மடித்துக் கொடுக்கிறேன். இப்படி ஒரு பாரத்தோடு இருக்கிறவர்கள் என்னிடம் வழி கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆறவில்லை. மடங்காத கால் இருக்கிறவன் அதற்கு ஏற்றபடி உட்காரப் பழகிக்கொள்கிறான், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு இன்று என்பது இன்று. எனக்கு இன்று என்பது போன வருடம் குடித்தது. தலைவலி வந்தாலும் பின்னால் எண்ணிப் பார்க்கிறேன்.

ஒவ்வோர் ஆடியிலும் மலை ஏறுகிறேன். வலது காலை முதலில் வைத்து, இடது காலை இழுத்துக்கொள்வேன். படிகளை எண்ணுவேன். எந்தப் படியில் அவள் சிரித்தாள் என்று தெரியும். எந்தப் படி அவள் அந்தத் தண்ணீரைக் குடித்த நாள் என்று தெரியாது. பின்னால் வருகிற பையன்கள், "பெருசு, ஓரமா வாங்க" என்பார்கள். ஓரமாகத்தான் போகிறேன்.

போன ஆடியில் பாதி வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தல். ஒரு பெண் மொண்டு மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். பானை வாயில் வெள்ளைத் துணி. அவள் டம்ளரை நீட்டினாள். கை நீட்டாமல் நின்றேன்.

"அம்மா, அந்தத் துணில எது மேல் பக்கம்?"

அவள் துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "துணிக்கு ஏதுங்க பக்கம்? குடிங்க பெரியவரே, பின்னாடி ஆள் நிக்குது."

குடித்தேன். நல்ல தண்ணீர்தான், குழாய்த் தண்ணீர். எனக்கும் தெரியும். ஆனாலும் இன்னும் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். அந்த டம்ளருக்கு ஓர் ஆண்டு நிறையும் ஆடி வர இன்னும் ஐம்பத்திரண்டு நாள் இருக்கிறது.